நான் ஒன்னும் பண்ணல

மாமா டார்ச்லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு என் பைக்குள் கையை விட்டார். ஒரே ஒரு பெராம்புட் எடுக்கத்தான் போனார். ஆறும் சேர்ந்து வந்தன. நடுவில் கழற்றாமல் விட்ட ஓர் ஈயக்குண்டு, சுற்றிலும் பன்னிரண்டு முள், எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத தங்சி. ஒரு முள் அவர் கட்டைவிரலில் ஏறியிருந்தது. அவர் கத்தவில்லை. டார்ச்லைட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்னடா இது?" என்று மட்டும் கேட்டார்.

"நான் ஒன்னும் பண்ணல மாமா. போன தடவ வெச்சது வெச்ச மாதிரிதான் இருக்கு."

"அதான்டா" என்றார். "நீ ஒன்னும் பண்ணல."

மூன்று வருடங்களுக்கு முன்னால், பத்து காவான் பக்கம் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் நடந்தது இது. தூரத்தில் பினாங்கின் இரண்டாவது பாலத்தின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. அன்றைக்கு அவர் சொன்னதை நக்கல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பொறியியல் படித்தவன், தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். காரணம் இல்லாமல் எதுவும் கெடாது என்று நம்புகிறவன். என் பையை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அப்புறம் எப்படி அது என் தப்பாகும்?

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. தூண்டில் போடாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். கம்பிலிருக்கும் மெஷினில் சுற்றியிருப்பது நீளமான தங்சி. அதன் நுனியில் மாட்டுவதற்கென்று ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குத் தனியாகக் கட்டி வைப்பதைத்தான் பெராம்புட் என்கிறோம். மலாயிலிருந்து வந்த சொல். மேல்முனையில் சுவிவல், நடுவில் கிளை பிரிந்து இரண்டு முள், கீழ்முனையில் ஈயக்குண்டு மாட்டுவதற்கு ஒரு கண்ணி. கல்லில் சிக்கி அறுந்தால் அடுத்ததை மாட்ட வேண்டும் என்பதால் வீட்டிலேயே ஐந்தாறு கட்டி எடுத்துப் போவோம். காற்றில், இருட்டில், இறால் பிசுபிசுக்கும் கையோடு முடிச்சுப் போடுவது லேசான வேலை இல்லை. நீர் ஏறும்போது மீன் கடிக்கிற நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இரவெல்லாம் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்போம்.

மாமா சொன்னது நக்கல் இல்லை, இயற்பியல் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்று இரண்டு பேர் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு கயிற்றைப் பெட்டிக்குள் போடுவது, பெட்டியைப் பத்துச் சுற்று உருட்டுவது, திறந்து முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதையே 3,415 தடவை செய்தார்கள். 120 வகை முடிச்சுகள் கிடைத்தன. 46 செண்டிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் முடிச்சு விழவில்லை. அதற்கு மேல் நீளம் கூடக் கூட வாய்ப்பும் கிடுகிடுவென்று ஏறி, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதியில் போய் நின்றது. அடுத்த வருடம் இந்த ஆய்வுக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது.

என்னையும் யோசிக்க வைத்தது. என் பெராம்புட் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல். பெட்டியை உருட்டும் வேலையை என் மோட்டார் செய்தது. பையைப் பின்னால் கட்டிக்கொண்டு எத்தனை மேட்டில் ஏறி இறங்கியிருப்பேன்! முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வேண்டியதில்லை. நீளம் இருந்து, அசைவும் இருந்து, ஒரு முனை சும்மா கிடந்தால் போதும். சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, சும்மா கிடக்கும் முனை ஒன்றின் மேலேயும் இன்னொன்றின் கீழேயும் நுழைந்து தானாகப் பின்னிக்கொள்கிறது. நேராகக் கிடப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. சிக்கிக் கிடப்பதற்கு ஆயிரம் வழி. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஆயிரத்தில் ஒன்றுதான் நடக்கும்.

மாமாவிடம் டேக்கல் பாக்ஸ் கிடையாது. பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதற்குள் பிய்ந்துபோன சிலிப்பரை அறுத்துச் செய்த ரப்பர் அட்டைகள், சீட்டுக்கட்டு அளவில். ஒவ்வொன்றின் இரண்டு ஓரத்திலும் பிளேடால் கீறிய சின்ன வெட்டு. ஒரு அட்டைக்கு ஒரு பெராம்புட்.

சுற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஈயக்குண்டைக் கழற்றித் தனி டப்பாவில் போட வேண்டும். பாரமானது உள்ளே இருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் அது மற்றதையும் இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும். உப்போடு சுற்றினால் முள் துருப்பிடிக்கும். சுற்றும்போது கீழ்முனைக் கண்ணியை வெட்டில் மாட்டித் தொடங்கி, முள் வருகிற இடத்தில் அதை ரப்பரில் குத்தி, மறுபடியும் சுற்றி, கடைசியில் சுவிவலை ஒரு குண்டூசியால் அட்டையோடு பிடித்து வைக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் தங்சி அந்த மடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டாலும் சுருண்டே நிற்கும்.

"ஏன் கீழ்முனைல இருந்து சுத்தணும்? மேல்முனைல இருந்து சுத்துனா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எடுக்கிறவனுக்கு முதல்ல எது வேணும்?"

சுவிவல்தான் வேண்டும். அதை மெஷின் தங்சியில் மாட்டிவிட்டால் ஒரு முனை உறுதியாகிவிடும், மீதியை இழுத்துப் பிரித்துக்கொண்டே போகலாம். கம்ப்யூட்டர் வகுப்பில் இதற்குப் பெயர் ஸ்டேக். கடைசியில் வைத்தது முதலில் வரும். ஆனால் வகுப்பில் அதை ஒரு விதியாகத்தான் படித்தேன். மாமாவிடம் அது ஒருத்தரை மனதில் வைத்துச் செய்கிற காரியமாக இருந்தது. பிறகொரு நாள் இருட்டில் அவசரமாக இந்த அட்டையைத் திறக்கப் போகிறவனின் கையிலிருந்து பின்னோக்கி வந்து அவர் சுற்றுகிறார். அந்த ஆள் அவராகவே இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

ஆய்வில் கண்டதும் இதுவேதான். அசைய இடமில்லாத கயிற்றில் முடிச்சு விழுவது குறைவு. இரண்டு முனையும் பிடிபட்டிருந்தால் புதிய முடிச்சு விழ வழியே இல்லை. மாமா அந்த ஆய்வைப் படித்ததில்லை. சிலிப்பரை அறுத்தார், அவ்வளவுதான்.

என் பைக்குள் அந்தப் பந்து எப்போது உண்டானது என்று யோசித்துப் பார்த்தால் ஒரு நல்ல நாள் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய தடவை எனக்கு ஒரு சியாகாப் மாட்டியது. என் வாழ்க்கையிலேயே பெரிய மீன். படம் எடுத்தோம், வீட்டுக்குப் போன் போட்டோம், விடியற்காலையில் கடையில் தே தாரேக் குடித்தோம். அந்தக் குஷியில் எல்லாவற்றையும் அப்படியே அள்ளிப் பையில் திணித்தேன். சோகத்திலோ கோபத்திலோ அல்ல, சந்தோஷத்தில்.

திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு, 54ஆவது. பள்ளியில் மனனம் செய்யச் சொன்ன அதிகாரங்களில் இது எனக்கு வரவில்லை. பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை. மகிழ்ச்சி மிதப்பில் வரும் சோர்வு அளவு மீறிய கோபத்தைவிடத் தீயது என்ற கருத்தோடு தொடங்குகிறது அந்த அதிகாரம். கோபத்தைவிடவா என்று முதலில் தோன்றியது. இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. கோபத்தில் செய்கிறவனுக்குத் தான் ஏதோ செய்கிறோம் என்பதாவது தெரியும்.

இதுவரை சொன்னது வெறும் பை விவகாரம். நான் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது.

அன்றிரவு மாமா விரலிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது நீர் ஏற ஆரம்பித்திருந்தது. பந்தை அவிழ்க்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். கத்தியால் நான்கு இடத்தில் அறுத்தேன். இரண்டு சுவிவல் தேறியது. மீதியைப் பாக்காவ் காட்டுக்குள் வீசினேன். மாமா பார்க்கவில்லை. அவருடைய டின்னிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு மூன்று கெலாமா கிடைத்தது.

நான்கைந்து மாதம் கழித்து அதே இடத்துக்குப் பகலில் போனோம். நீர் வற்றியிருந்தது. பாக்காவ் வேர்களுக்கு மேலே ஒரு தாழ்ந்த கிளையில் கொக்கு ஒன்று தொங்கியது. செத்து நாளாகியிருந்தது. ஓர் இறக்கை விரிந்தபடி, தங்சி அதில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கிளையோடு பிணைந்திருந்தது. மாமா முன்னால் போய்விட்டார். நான் நின்றேன்.

அந்தத் தங்சி என்னுடையதா? அங்கே தூண்டில் போடுகிற பாதிப் பேர் அதே நிறத் தங்சியைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிச்சுப் போடும்போது பெரும்பாலானவர்கள் ஐந்து சுற்றுச் சுற்றுவார்கள், நான் ஏழு சுற்றுவேன். மாமா கூடக் கேலி செய்வார், "இன்ஜினியர் முடிச்சுடா" என்று. அந்தக் கொக்கின் பக்கத்தில் ஒரு முள் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டடி முன்னால் போய்க் குனிந்திருந்தால் சுற்றை எண்ணியிருக்கலாம்.

நான் எண்ணவில்லை. "யாரோ வீசிட்டுப் போயிருக்காங்க மாமா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கொக்கைவிட அந்த இரண்டடிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று இன்றைக்கும் நான் உண்மையாகச் சொல்லலாம். அந்தத் தெரியாமையை நானே நின்று, யோசித்து, தேர்ந்தெடுத்தேன். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் மூன்றாவது பகுதியில் இதைப் பேசுகிறார். குடித்துவிட்டுத் தெரியாமல் குற்றம் செய்தவனுக்குத் தண்டனை இரட்டிப்பாக இருப்பதைச் சொல்லி, குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்ததே என்கிறார். பிறகு நம் எல்லோருக்கும் வாயில் வருகிற வாதத்தையும் எடுத்துக்கொள்கிறார். 'அவன் அப்படித்தான், கவனமில்லாத ஆள்.' சரி, அப்படி ஆனது யாரால் என்று கேட்கிறார். ஒவ்வொரு நாளும் அசட்டையாக வாழ்ந்து அவனேதான் அந்த ஆளாக ஆனான். இது கொஞ்சம் கொடூரமான பதில் என்றுதான் எனக்குப் பட்டது. தோட்டத்திலும் லயத்திலும் வளர்ந்து, நேரமே இல்லாமல் ஓடிய நம் ஆட்களை நினைத்தால் எல்லா அசட்டையும் அவரவர் தேர்ந்தெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தச் சாக்கு இல்லை. எனக்கு நேரம் இருந்தது, பாடம் சொல்லித்தர ஆளும் இருந்தார்.

இன்னொரு பக்கம் பெர்னார்ட் வில்லியம்ஸ். 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லாரி டிரைவரைப் பற்றிச் சொல்கிறார். அவன் மீது தப்பே இல்லை, ஆனாலும் அவன் லாரியில் ஒரு குழந்தை அடிபட்டுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு வருவது பரிதாபம். டிரைவருக்கு வருவது வேறொன்று. 'உன் தப்பு இல்ல' என்று நாம் அவனைத் தேற்றுவோம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவன் உடனே தேறிவிட்டால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். தப்பு என்பதும் பொறுப்பு என்பதும் ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்கள் இல்லை என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பந்து தானாகச் சிக்கியது, அதில் என் தப்பு எவ்வளவு என்று வாதாடலாம். ஆனால் அது என் பை.

இரண்டு மறுப்புகள் எனக்குள்ளேயே உண்டு.

ஒன்று, இந்த ஒழுங்கு என்கிற வார்த்தையே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாது. எங்கள் தொழிற்சாலையில் 5எஸ் என்ற ஜப்பானிய முறை நடப்பில் இருக்கிறது. எந்தக் கருவி எங்கே தொங்க வேண்டும் என்று பலகையில் அதன் நிழலை வரைந்து வைத்திருப்போம். தணிக்கைக்கு முதல் நாள் எல்லாம் பளபளக்கும். தணிக்கை முடிந்த மூன்றாம் நாள் ஸ்பேனரைத் தேடி அலைவோம். மேலேயிருந்து பார்க்கிறவருக்காக அடுக்குகிற ஒழுங்கு அது, பார்க்கிறவர் போனதும் போய்விடும். மாமாவின் வீட்டைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். துணி ஒரு பக்கம், கணக்குச் சீட்டு ஒரு பக்கம், ஓடாத ஃபேன் இரண்டு. அவர் ஒழுங்கான மனிதர் கிடையாது. சிக்கினால் இன்னொருத்தர் விரலில் குத்தும் என்கிற ஒரு பொருளில் மட்டும் அவர் கறாராக இருக்கிறார். ஒழுங்கு என்பதைவிட அதை அக்கறை என்று சொல்லத் தோன்றுகிறது. எல்லா இடத்திலும் அது வேண்டியதில்லை. எந்த இடத்தில் வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு பெரியது. கடலைக் கெடுப்பது என் ஆறு பெராம்புட்டா? கடலில் தொலைந்துபோன பெரிய வலைகள் ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. இழுவைப் படகுகள் அடித்தரையையே வாரிக்கொண்டு போகின்றன. சின்ன ஆளைக் குற்ற உணர்ச்சியில் வைத்துவிட்டுப் பெரிய ஆளைத் தப்பவிடுகிற பேச்சு இது என்று நண்பன் ஒருவன் சொன்னான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய வலைகளைப் பற்றிச் சட்டம் பேச வேண்டும், நாமும் சத்தம் போட வேண்டும். ஆனால் அந்தக் கொக்கு மொத்தக் கழிவில் எத்தனை சதவீதம் என்ற கணக்கில் தொங்கவில்லை. ஒரு மீட்டர் தங்சியில் தொங்கியது. நைலான் வெயிலில் பலம் குறையும், ஆனாலும் பாக்காவ் நிழலில் எத்தனையோ வருடம் கிடக்கும். நான் அறுத்து வீசியபோது சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். என் கையைவிட்டுப் போனது, அவ்வளவுதான். அவிழ்க்க விரல் இல்லாத ஒன்றிடம் அதைக் கொடுத்துவிட்டேன்.

அறுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அவிழ்க்கவே முடியாத சிக்கல்கள் உண்டு, மனிதர்களுக்கிடையிலும் உண்டு. பொறுமையாக அவிழ்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு நீர் ஏறுகிற நேரம் தெரியாது. அறுக்கலாம். அறுத்த பிறகு அது எங்கே போகிறது என்பதோடு நம் வேலை முடிகிறது. இப்போது என் பையில் ஒரு மைலோ டின் இருக்கிறது. அறுந்தது, நைந்தது எல்லாம் அதற்குள் போகும். வீட்டுக்கு வந்து முள்ளைக் கழற்றிவிட்டு, தங்சியை விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுவேன். அந்த அளவில் அது எதையும் சுற்றாது. அந்த முகத்துவாரத்துக்குப் போகும்போதெல்லாம் மற்றவர்கள் விட்டுப்போனதையும் கொஞ்சம் பொறுக்குகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கிடைக்கிற முடிச்சுகளில் ஏழு சுற்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். அன்றைக்கு எண்ணாததை இப்படித்தான் எண்ண முடிகிறது.

கொக்கு விஷயத்தை மாமாவிடம் போன வருடம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அப்படி ஒன்னு இருக்கு" என்றார். என்னவென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அவருக்குக் கண்ணில் புரை. இரவில் முள்ளின் கண் தெரிவதில்லை, முடிச்சுப் போட வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கட்டுகிறேன். பழைய சிலிப்பர் தீர்ந்துவிட்டதால் என்னுடைய ஒரு ஜோடியை அறுத்தாயிற்று. கீழ்முனையிலிருந்து தொடங்கி, முள்ளை ஆழமாகக் குத்தி, சுவிவலை வெளியே விட்டுக் குண்டூசி குத்துகிறேன். பார்க்க முடியாத ஒருத்தர் தடவி எடுக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகு, கை தானாக மெதுவாகிவிடுகிறது.

போன வாரம் டின்னுக்குள் கையை விட்டார். டார்ச்லைட் இல்லை. ஓர் அட்டை மட்டும் வந்தது. சுவிவலைத் தடவிப் பார்த்து மாட்டி, அட்டையைச் சுழற்றிப் பிரித்து, ஈயக்குண்டைக் கோர்த்து வீசினார். தண்ணீரில் அது விழுகிற சத்தம் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.